எஸ்கலேட்டர் அக்கா

தாம்பரத்தை அடுத்த கேம்ப் ரோட்டில் அந்த மால் திறந்த புதிதில், எஸ்கலேட்டரின் அடியில் எந்நேரமும் ஒரு கூட்டம் நிற்கும். ஏறுவதற்கு வந்த கூட்டம் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தது. புத்தாயிரம் பிறந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துக்கு அந்த மெஷின் புதிது. படிகள் தரையிலிருந்து முளைத்து மேலே போய் மறைவதைக் குடும்பம் குடும்பமாக நின்று பார்ப்பார்கள். யாராவது ஒருவர் காலை முன்னால் நீட்டுவார், சட்டென்று இழுத்துக்கொள்வார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக் கேட்டதும் அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஏதோ அவசர வேலை வந்துவிட்டதுபோல் படிக்கட்டுப் பக்கம் நடந்துவிடுவார்.

நான் அப்போது அந்த மாலில் ஃப்ளோர் மேனேஜர். வயது முப்பது. சேலையூரில் வீடு. கழுத்தில் டை கட்டிக்கொண்டு மூன்று மாடியும் சுற்றி வருவதுதான் வேலை. மேலே முதல் மாடியில் துணிக்கடை, வாட்ச் கடை, வாழ்த்து அட்டைக் கடை, அதற்கும் மேலே சாப்பாட்டுக் கடைகள். கீழே நிற்கும் கூட்டம் மேலே போகாவிட்டால் அந்தக் கடைக்காரர்கள் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள்.

திறந்து மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் எஸ்கலேட்டர் அருகே நின்றிருந்தார். மகனும் மருமகளும் ஏறி மேலே போய்விட்டார்கள். மேலிருந்து மகன், "வாங்கப்பா, ஒண்ணும் இல்ல" என்று எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் முகம் இறுகிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளம்பரப் பலகையைப் படிப்பதுபோல் நின்றார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரிடம் போனார்.

"சார், எனக்குத் தனியா மேல போவ பயமா கீது. கொஞ்சம் கூட வர்றீங்களா?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பயப்படாதம்மா. கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. நான் இருக்கேன்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து காலை வைத்தார்கள். மேலே போய் இறங்கியதும் அந்தப் பெண் கும்பிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார். பெரியவர் தோளை நிமிர்த்திக்கொண்டு மகனிடம் நடந்தார். பெண் படிக்கட்டு வழியாக இறங்கி வந்து மாப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்று மாலைக்குள் இன்னும் ஏழெட்டுப் பேரை அவர் அப்படியே மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் மாப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, எஸ்கலேட்டர் அருகிலேயே நிற்கும்படி அவரிடம் சொன்னேன். கடைப் பெண்கள் எல்லாரும் எஸ்கலேட்டர் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்க அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும் அவருக்கு. இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது.

அவருக்கு அந்த மெஷினிடம் துளியும் பயம் கிடையாது. காலையில் ஷட்டர் ஏற்றும் முன்பு, கையில் தண்ணீர் வாளியோடு இருபது முப்பது தடவை ஏறி இறங்கிப் பழகியிருந்தார் என்று காவலாளி சொன்னான். அப்படிப்பட்டவர் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பயமாயிருக்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நீயே பயம்னு சொன்னா, நம்ம மால் பத்தி ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"இன்னா சார் நெனைப்பாங்க? 'பயப்படாதீங்க சார்'னு நான் சொன்னா, அவருக்குப் பயம்னு ஊருக்கே தெரிஞ்சு பூடும். அப்பால அவரு ஏறவே மாட்டாரு. எனக்குப் பயம்னு சொன்னா எனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?"

சரி போ என்றேன்.

பயம் மட்டும் என்றில்லை. அடுத்தவருக்கு வரும் எந்தக் கூச்சத்தையும் அவர் எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்வார். கூடுவாஞ்சேரியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த ஒருவரை, லுங்கி கட்டியிருந்தார் என்று காவலாளி வாசலில் நிறுத்தினான். "யோவ், எங்க சித்தப்பா. என்னியப் பாக்க வந்துகீறாரு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்து அழைத்துப் போனார். அந்த வருடத்தில் மட்டும் அவருக்கு எனக்குத் தெரிந்து பதினோரு சித்தப்பாக்கள் வந்தார்கள். ஒருவர் தாடி வைத்த பாய், ஒருவர் கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். காவலாளி கடைசியில் ஒருநாள், "அக்கா, ஒங்க தாத்தாவுக்கு மொத்தம் எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டான்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்க தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூன்று பெண்கள், கூட அம்மா. பெண்கள் தடதடவென்று ஏறிவிட்டார்கள். அம்மா புர்காவைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி கீழே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால் வலிக்கிறது, நீங்களே பார்த்து எடுங்கள் என்றார். கல்யாணம் மூத்த பெண்ணுக்கு. அந்தப் பெண் மேலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா போய் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு இந்த மெஷினில் தலை சுற்றும் என்றும், துணைக்கு ஒருவர் கையைப் பிடித்தால்தான் போக முடியும் என்றும், மேலே வேலை கிடக்கிறது என்றும் ஒரு கதை சொன்னார். ஐந்து நிமிடத்தில் அந்த அம்மா, "வா, நான் பிடிச்சுக்கறேன். பிஸ்மி சொல்லிட்டு ஏறுவோம்" என்று எழுந்துவிட்டார். மேலே மகளுக்குக் கல்யாணப் புடவையைத் தோளில் வைத்துப் பார்த்தது அந்த அம்மாதான். இறங்கும்போது நான்கு பேரும் அக்காவுக்கு ஒரு பெட்டி இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நானும் அந்தப் பழக்கத்தில் குளிர் காய்ந்தவன்தான். ஒருமுறை முதலாளி வரும் நேரத்துக்குத் திறப்பு விழா ஆண்டு நாளுக்கான பேனரை வைக்க மறந்துவிட்டேன். முதலாளி தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடையில் ஆரம்பித்து முன்னுக்கு வந்தவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கையில் இருந்ததையெல்லாம் அந்தக் கட்டடத்தில் போட்டிருந்தார். "பேனர் எங்க தம்பி?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அக்கா, "நான்தான் பாய் தண்ணி கொட்டி நனைச்சுட்டேன். காயப் போட்டுகீது" என்றார். முதலாளி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அக்காவுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. அது அவர் வேலையில் ஒரு பகுதி என்று எனக்கு அதற்குள் பழகிவிட்டிருந்தது.

அந்த வருடங்களில் மாலுக்கு நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. மாடம்பாக்கம், வேங்கைவாசல், மேடவாக்கம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். ஒன்றும் வாங்காமல் ஏசியில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்களும் உண்டு, நிச்சயதார்த்தத்துக்கு முன்பு பெண்ணும் பையனும் பார்த்துக்கொள்ள அந்தச் சாப்பாட்டுக் கடை மேசைகளைத் தேடி வந்தவர்களும் உண்டு.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். வியாழக்கிழமை காலையில் அக்கா என் அறைக்கு வந்தார்.

"சார், மேல படி போய் உள்ள நொழையற எடத்துல சீப்பு மாரி ஒண்ணு கீதே, அதுல ரெண்டு பல்லு ஒடஞ்சுகீது. கொழந்தைங்க செருப்பு மாட்டிக்கும். நிறுத்திடுங்க."

போய்ப் பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். மாற்றுச் சீப்பு வந்து சேரவே திங்கட்கிழமை ஆகும் என்றார். இடையில் இருப்பது தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. வருடத்திலேயே பெரிய நாள். எஸ்கலேட்டர் ஓடாவிட்டால் மாடிக் கடைக்காரர்கள் என்னைப் பிய்த்துவிடுவார்கள். முதலாளியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

"மூணு நாள்தானே. ஓடட்டும். நீ மேல நின்னு பாத்துக்கோ" என்றேன்.

"வேணாம் சார்."

"நான் சொல்றேன் இல்ல."

அவர் மேலே போய் நின்றார். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையும் வந்து, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் அந்தச் சீப்பின் அருகில் குனிந்தபடி, வரும் ஒவ்வொரு குழந்தையையும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அப்பால் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சாப்பாட்டுக் கடைப் பக்கம் யாரோ ரசம் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். துடைக்க ஆள் இல்லை. நான் அக்காவிடம் போய், "பத்து நிமிஷம், நீ போய்த் துடைச்சுட்டு வந்துடு" என்றேன். அவர் சீப்பைக் காட்டினார். "நான் நிக்கறேன், போ" என்றேன். அவர் போனார். நான் நின்றேன். ஒரு கடைக்காரர் ஏதோ பேச்சுக் கொடுத்தார், அவர் பக்கம் திரும்பினேன்.

அலறல் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். ஆறு வயதுப் பெண் குழந்தை. ரப்பர் செருப்பு உள்ளே போய்விட்டது. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நான் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அக்கா எங்கிருந்தோ ஓடி வந்து அதை அடித்துவிட்டார். மெஷின் நின்றது. குழந்தையை அவர்தான் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். அவர் யூனிஃபார்ம் முழுக்க ரத்தம். குழந்தையின் வலது கால் கட்டைவிரல் நுனி போய்விட்டது என்று ராத்திரி சொன்னார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி அறை. அவர், நான், அக்கா. முதலாளி விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அக்காவிடம் கேட்டார்.

"நீதானேம்மா அங்க நிக்கணும்? எங்க போன?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் உடம்பில் ஒரு நிம்மதி பரவியதை நான் இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை. அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'நான்தான் பாய், என் தப்புதான்' என்பார். முதலாளி திட்டுவார். ஒருவேளை வேலையை விட்டு அனுப்புவார். நான் பின்னால் போய்ப் பேசி எப்படியாவது மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் ஒரு நொடியில் என் மனதில் ஓடி முடிந்துவிட்டது.

அக்கா சொன்னார்: "சீப்பு ஒடஞ்சுகீதுன்னு வியாழக்கிழமையே சார் கிட்ட சொன்னேன் பாய். நிறுத்துங்கன்னும் சொன்னேன். ஓடட்டும்னாரு. நேத்து நாலு மணிக்கு என்னிய ரசம் தொடைக்க அனுப்புனதும் அவருதான்."

குரல் உயரவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நிஜமா தம்பி?"

"நிஜம்தான் பாய்."

முதலாளி, "உன்ன வெளிய போன்னு சொல்லணும். போனா நீ தப்பிச்சுடுவ. இங்கயே இரு, தினமும் அதப் பாரு" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து எஸ்கலேட்டர் சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். "இனிமே இந்தம்மா நிறுத்துன்னா நிக்கணும். உன்னியும் கேக்க வேணாம், என்னியும் கேக்க வேணாம்."

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் நான் அவரை மறித்தேன். எனக்கு அவ்வளவு கோபம்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் பொய் சொல்ற. முன்னப்பின்ன தெரியாதவன் எல்லாம் உனக்குச் சித்தப்பா. எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே பேசினார்.

"பயம், வெக்கம் இதெல்லாம் நான் வாங்கிக்கலாம் சார். யாருக்கும் ஒண்ணும் ஆவாது. இத நான் வாங்கிக்கினா இன்னா ஆவும்? என்னிய அனுப்பிட்டு வேற ஒரு ஆள அங்க நிக்க வெப்பீங்க. சீப்பு அப்பிடியேதான் இருக்கும். அடுத்த தடவையும் நீங்க ஓட்டத்தான் சொல்வீங்க."

அவர் சொன்னது உண்மை என்பதால் என் கோபம் இன்னும் ஏறியது. மூன்று வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு வழியாகச் சுற்றிப் போனேன். புதுச் சீப்பு வந்தது. மெஷின் மறுபடி ஓடியது. அவர் தினமும் காலையில் சாவியைப் போடும் முன்பு மண்டியிட்டு ஒவ்வொரு பல்லாக விரலால் தடவிப் பார்ப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன்.

வாழ்த்து அட்டைக் கடையில் வேலை செய்த பெண்தான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. அன்றைக்கெல்லாம் அவர் பள்ளிக்கரணையில் அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போகிறார், குழந்தையின் அம்மா வீட்டு வேலைக்குப் போய்விடுவதால், கட்டு மாற்ற இவர்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

அக்காவிடம் போய், "அங்க போறியாமே" என்றேன்.

"ஆமா சார்."

"நான் வரலாமா?"

"வான்னும் சொல்ல மாட்டேன், வராதன்னும் சொல்ல மாட்டேன். காலைல ஒம்போது மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருப்பேன்."

மேடவாக்கத்தில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனோம். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெரு. குப்பை எரியும் புகை நெடி. குழந்தையின் அப்பா பெயின்ட் அடிக்கும் வேலை செய்பவர். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன நான் உட்காராமலே சொன்னேன்.

"மெஷின் ஒடைஞ்சிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓடட்டும்னு சொன்னேன். பாத்துக்கறேன்னு சொல்லி நின்னவனும் நான்தான். பாக்கல."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "தெரியும் சார். அந்தக்கா அன்னிக்கே சொல்லிச்சு. நீங்க எப்போ வருவீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். பிறகு உள்ளே திரும்பிக் குழந்தையைக் கூப்பிட்டார். அது சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நடந்து வந்தது. "என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றீங்க, இவகிட்ட சொல்லுங்க."

நான் தரையில் உட்கார்ந்தேன். ஆறு வயதுக் குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "உன் கால்ல அடிபட்டதுக்கு நான்தான் காரணம் பாப்பா. மெஷின நிறுத்தியிருக்கணும். நிறுத்தல" என்றேன். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது:

"அந்தச் செருப்பு புதுசு. தீபாவளிக்கு வாங்குனது."

அவ்வளவுதான் சொன்னது. நான் அழுதேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. அக்கா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க சார், டாக்டர் பத்து மணிக்குக் கெளம்பிடுவாரு" என்றார். அன்று கட்டு மாற்றும்போது குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். காயம் ஆறும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் போனேன். குழந்தையின் அப்பா என்னோடு சகஜமாகப் பேசினார் என்று சொல்ல முடியாது. நாலாவது வாரம், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த குழந்தையின் அம்மா எனக்கும் ஒரு டம்ளர் டீ வைத்தார்.

அப்போதிருந்துதான் அக்காவை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மால் தேய்ந்துபோனது அந்த விபத்தால் இல்லை. நகரத்துக்குள் இதைப்போலப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டினார்கள். தியேட்டரும் சேர்ந்தே இருந்தது அங்கே. எங்கள் மூன்றாவது மாடியில் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த தியேட்டர் வரவே இல்லை. வாசலில் மாதக்கணக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பிறகு மின்வெட்டு. ஜெனரேட்டர் டீசலுக்குக் கட்டுப்படியாகாமல் முதலில் ஏசியைக் குறைத்தோம். வாட்ச் கடை போனது. துணிக்கடை போய் அந்த இடத்தில் பிளாஸ்டிக் பக்கெட் கடை வந்தது. வாழ்த்து அட்டையை யாரும் வாங்குவதில்லை, எல்லாரும் எஸ்எம்எஸ் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடைப் பெண் போகும்போது மிச்சமிருந்த அட்டைகளை எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். எனக்குக் கிடைத்தது புதுமனை புகுவிழா அட்டை.

எஸ்கலேட்டர் ஞாயிறு மட்டும் ஓடியது, பிறகு அதுவும் இல்லை. ஜனங்கள் அதையே படிக்கட்டு மாதிரி ஏறிப் போனார்கள். அக்கா அப்போதும் அங்கேயே நின்றார். "இனிமே இங்க நிக்க வேணாமே, உக்காருங்களேன்" என்றேன். "ஓடும்போதாவது பாத்து ஏறுவாங்க சார். நின்னு போனதுலதான் கால் தடுக்கும்" என்றார். உண்மைதான். நானே ஒருநாள் தடுக்கி அவர் மேல் விழப் போனேன்.

ஒரு மார்கழியில் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கட்டடத்தைக் கல்யாண மண்டபத்துக்குக் கேட்கிறார்கள், இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், அதுவரை வேலையாட்களிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் இப்போதே ஓடிவிடுவார்கள் என்றார். சரி என்று எழுந்தேன். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"பாய், நான் அவங்க கிட்ட சொல்லிடறேன். தெரிஞ்சா ரெண்டு மாசத்துல வேற வேலை தேடிக்குவாங்க. தெரியலன்னா தெருவுல நிப்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். "சொல்லு தம்பி. நானே சொல்லலாம்னு ரெண்டு நாளா வாயத் தொறந்து மூடறேன்" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கடை மேசைகளைச் சேர்த்துப் போட்டு வேலையாட்கள் பதினான்கு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் மட்டும், "ஒங்களுக்கு சார்?" என்று கேட்டார். எனக்கும் வேலை இல்லை என்றேன். அக்காதான் முதலில் எழுந்தார்.

"மால் பேரு போட்ட பேப்பர் இன்னும் கீதா சார்?"

"இருக்கு."

"அது தீர்றதுக்குள்ள எல்லாருக்கும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இத்தினி வருஷம் இங்க இன்னா செஞ்சோம்னு. நாளைக்கு மூடிட்டா கேக்கறதுக்கு ஆபீஸே இருக்காது."

அந்த வாரம் முழுக்க நான் அந்த வேலையைத்தான் செய்தேன். ஒவ்வொருவராக எதிரில் உட்கார வைத்து, என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதினேன். அக்கா கடைசியாக வந்தார். அவர் பதவி என்னவென்று எழுதுவது என்பதில் நின்றுவிட்டேன். சம்பளப் பட்டியலில் ஹவுஸ்கீப்பிங் என்றுதான் இருந்தது.

"மெஷின் ஆபரேட்டர்னு போடட்டுமா?"

"வேணாம் சார். எவனாவது ரிப்பேர் பண்ணுன்னு குடுத்துட்டா பேஜாரு."

சிரித்துவிட்டு எழுதினேன். இவர் ஆறு வருடம் எங்களிடம் வேலை செய்தார், வந்தவர்களை மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டார் என்று எழுதினேன். அத்தோடு கையெழுத்துப் போட்டிருக்கலாம். பேனாவை வைக்காமல் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். இயந்திரம் பழுதானதை இவர் முன்கூட்டியே சொன்னார், மேனேஜராகிய நான் கேட்காததால் ஒரு குழந்தைக்குக் காயம் ஏற்பட்டது, விசாரணையில் இவர் உண்மையைச் சொன்னார். கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கடைசி இரண்டு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னார்.

"இத எழுதுனா ஒங்களுக்கு வேல தேடறப்போ கஷ்டமாவாது?"

"ஆனா ஆகட்டும்."

அவர் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. நானும் அவரிடம் சொன்னதில்லை. என் நன்றியை எந்த வார்த்தையில் சொல்வதென்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் இதை எழுதிப் பார்த்துத்தான் தேடுகிறேன். எனக்கு அடுத்த வேலை ஓஎம்ஆர் சாலையில் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் கிடைத்தது. லிஃப்ட், மின்சாரம், தீயணைப்பு எல்லாம் என் பொறுப்பு. ஏதாவது பழுது என்று யாராவது வந்து சொன்னால், அவர் யாராக இருந்தாலும், முதலில் நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன். அங்கே பலருக்கு என் மேல் எரிச்சல். அது பின்னால் நடந்த கதை.

மாலில் கடைசி வாரம். சாமான்களை ஏற்ற லாரி வந்துகொண்டிருந்தது. என் அறையில் நாற்காலிகூட இல்லை. நின்றபடி ஒரு போனை எடுத்தேன். சேலையூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா பேசினார்.

"சார், ஒரு லேடி வேலை கேட்டு வந்திருந்தாங்க. உங்க லெட்டர் கொடுத்திருக்காங்க. கடைசில ரெண்டு வரி இருக்கே, உங்களைப் பத்தி. அது நிஜமா?"

"நிஜம் மேடம்."

"அந்தம்மா சொல்லிக் கொடுத்து நீங்க எழுதலையே?"

"இல்ல மேடம். எனக்குக் கஷ்டமாகாதான்னுதான் கேட்டாங்க. நான்தான் எழுதினேன்."

மறுமுனையில் காகிதத்தைத் திருப்பும் ஓசை கேட்டது.

"ஐசியூவுக்கு வெளிய, சொந்தக்காரங்க உக்காந்திருக்கற இடத்துல நிக்கறதுக்கு ஒரு ஆள் தேடிக்கிட்டு இருந்தோம். நாளைக்குக் காலைல வரச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு, அவரைத் தேடிக்கொண்டு கீழே ஓடினேன்.